ஒரு சொம்பு தண்ணீர்

எங்கள் அம்மாவுக்குச் சமையல் வராது. மயிலாப்பூரில் எங்கள் சந்து முழுக்க அறிந்த சங்கதி அது. அவள் வைக்கும் காரக்குழம்பில் காரமும் இருக்காது, குழம்பும் இருக்காது. நானும் அப்பாவும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவோம். அண்ணன் மட்டும் தட்டை எட்டிப் பார்த்து, கோயில் குளத்தில் தண்ணீர் குறைந்தது எப்படி என்று இப்போது தெரிகிறது என்பான். அம்மா கரண்டியோடு துரத்துவாள். மீசை அரும்புகிற வயதில் அவன் பட்டாளத்துக்குப் போன அன்றும் அப்படித் துரத்தித்தான் வழியனுப்பினாள்.

முதல் உலக யுத்தம் முடிந்தபின், துருக்கிக்காரர்களிடம் கைதியாக இருந்தபோது காய்ச்சலில் இறந்துவிட்டான் என்று சர்க்கார் சொல்லி அனுப்பியது. அம்மா நம்பவில்லை. அவன் பேரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், ஆளை மாற்றிச் சொல்கிறார்கள் என்றாள். ஆடி அமாவாசை வந்தாலே வீட்டில் சண்டைதான். செத்த பிள்ளைக்கு இலை போட்டுப் படைக்காவிட்டால் அங்கேயும் பட்டினி கிடப்பானே என்று அப்பா அழுவார். உயிரோடு இருப்பவனுக்குப் படைத்தால் நாமே அவனைக் கொன்றது போல என்று அம்மா கத்துவாள். இரண்டும் நியாயமாகவே பட்டுத் தொலைத்தது எனக்கு.

பட்டாளத்திலிருந்து திரும்பிய ஓரிருவர் ஆறுதல் சொல்ல வந்தார்கள். அம்மாவின் கைமணத்தை நினைத்து நினைத்து அண்ணன் உருகினானாம். இவர்கள் என் பிள்ளையைப் பார்த்ததே இல்லை என்று அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கடைசியில் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். அண்ணனோடு ஒரே கொட்டடியில் அடைபட்டுக் கிடந்தவர், சாகும்போதும் பக்கத்தில் இருந்தவர். என் சமையலைப் பற்றி ஏதாவது சொன்னானா என்று அம்மா கேட்டாள். மனிதர் நெளிந்தார்.

"வேணாம்மா, கோச்சிக்குவீங்க."

"பரவால்ல, சொல்லு நைனா."

"கடசியா ஒரு வாய் தண்ணி குடுத்தேன். குடிச்சிட்டுச் சிரிச்சான். 'எங்கம்மா வெச்ச கொழம்பு மாரியே கீதுடா'ன்னான்."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவும் சிரித்துவிட்டார். அம்மா எங்களைவிட உரக்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "அவன்தான், என் புள்ளதான்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அவள் அழுத அழுகையை என்னவென்று சொல்ல!

அந்த ஆடி அமாவாசைக்கு அண்ணனுக்கு முதல் இலை போட்டோம். அன்றைக்காவது குழம்பை நான் வைக்கிறேனே என்று கரண்டியை வாங்கப் போனேன். அம்மா தரவில்லை. கொதிக்கிற குழம்பில் இன்னும் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினாள்.

"அவனுக்கு அடையாளம் தெரியணுமில்ல" என்றாள்.