விமர்சகர்கள் கொண்டாடிய நெல்

என் நாவலைப் படமாக எடுத்தார்கள். மழை, இருட்டு, ஜன்னல், வாயே திறக்காத கதாநாயகன், அவ்வளவுதான் படம். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. யாராவது நாலு வார்த்தை நல்லதாக எழுதணும், அதைக் காட்டி என் வீட்டுக்காரியை அந்தப் புத்தகத்தைப் படிக்க வைக்கணும். ஆறு வருஷம் எழுதினேன் ஐயா! அவள் அட்டையைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. "எனுக்கு வேலை கீது" என்பாள்.

படம் வந்த மறுநாள் காலையில் போனைத் திறந்தால் விமர்சனமாகக் கொட்டுகிறது. ஒருத்தருக்குத் தூக்கம் வந்ததாம். இன்னொருத்தர், நாவலில் இருந்த வளவளப்பையெல்லாம் வெட்டிப் போட்ட இயக்குநருக்குக் கோயிலே கட்டலாம் என்கிறார். அடப்பாவி! ஆனால் எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடியது ஒரு காட்சியை. தார் ரோட்டில் நெல் காய்கிறது. ஓரத்தில் குடை பிடித்து ஒரு பெண் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள், எதிரே ஒரு கார் நிற்கிறது. நாலு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. காலத்தின் மௌனம் என்றார் ஒருத்தர். நிலத்தின் மறுப்பு என்றார் இன்னொருத்தர், கூடவே அந்தக் காட்சியின் படத்தையும் போட்டிருந்தார். பார்த்தால், என் வீட்டுக்காரி!

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. ஷூட்டிங் அன்றைக்கு நடந்தது நான் கண்ணால் பார்த்தது. எங்கள் ஊரில் அறுவடை ஆனால் நெல் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டுதான் காயும், வண்டிக்காரன்தான் ஒதுங்கிப் போகணும். ஷூட்டிங் கார் நடுரோட்டில் வரணுமாம். நெல்லைக் கொஞ்சம் ஒதுக்கச் சொல்லி உதவி இயக்குநர் அவளிடம் வந்து கெஞ்சினார். "நெல்லு ஈரமா கீது. காஞ்சப்புறம் வா" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள். கேமராவை நிறுத்த எவனோ மறந்திருக்கிறான், இயக்குநரும் அதை அப்படியே படத்தில் சேர்த்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு தியேட்டருக்குக் கிளம்பினோம். தெருவே வேன் பிடித்துக்கொண்டு வந்தது, புளிசோறும் முறுக்குமாக. இடைவேளைக்குள் பாதிப் பேர் குறட்டை. நெல் காட்சி வந்ததுதான் தாமதம், அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். "யக்கா, உன் கொடை! உன் கொடை!" படத்தை உணர்ந்து பார்க்க வந்த இரண்டு கண்ணாடிக்காரர்கள் உஷ், உஷ் என்றார்கள். யார் கேட்கிறது! நானும் சீட்டில் ஏறி நின்று விசிலடித்தேன், என் நாவலிலேயே இல்லாத காட்சிக்கு. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இவ்வளவு அழகாக அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

திரும்பும்போது வேன் பழையசீவரத்தைத் தாண்டியதும் கேட்டாள். "இன்னாய்யா, அந்த புக்கு கீதா?"

என் பையில் எப்போதும் ஒன்று இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்தாள், பிரித்தாள்.

"நானு எந்தப் பக்கத்துல வர்றேன்? அத்த மொதல்ல காட்டு."

இருநூறு பக்கம், ஆறு வருஷம், அவள் ஒரு வரியில்கூட இல்லை.

"இரு, தேடறேன்" என்று புத்தகத்தை வாங்கினேன். வேன் திருமுக்கூடல் பாலத்தில் ஏறி இறங்கியது. நான் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே வந்தேன், அவள் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.