பட்டுதா, படலையா?

நேற்று மாலை பேரன் வீட்டுத் தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. பந்து மட்டையில் பட்டதா இல்லையா என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது. உடனே ஆட்டத்தை நிறுத்தித் திரையின் அடியில் ஒரு கோட்டை ஓடவிட்டார்கள். பந்து மட்டையைக் கடக்கும் இடத்தில் கோடு துள்ளினால் பட்டது, துள்ளாவிட்டால் படவில்லையாம். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்த அந்த நேரம் பார்த்துத்தானா நான் கையிலிருந்த மல்லாட்டையை உடைக்க வேண்டும்? 'டிக்' என்றது. "தாத்தா, கோட்டைக் கெடுத்துடாதீங்க" என்று பேரன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வறுத்த மல்லாட்டையின் வாசனையோடு ஜாக் துரையின் ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மல்லாட்டை என்றால் வேர்க்கடலைதான். பட்டணத்துக்குக் குடிவந்து இத்தனை காலமாகியும் எனக்கு அந்தப் பெயர் மாறவில்லை.

அப்போது நான் விழுப்புரம் ஜங்ஷனில் தந்தி குமாஸ்தா. நாளெல்லாம் கருவியின் 'கட்டுக்கட' சத்தத்தைக் காதால் கேட்டுக் கையால் எழுதுகிற வேலை. சத்தத்தை வைத்துப் பிழைக்கிறவன் என்பதாலோ என்னவோ, ரயில்வே கிரிக்கெட் குழுவில் என்னை விக்கெட் கீப்பராக நிறுத்தியிருந்தார்கள். உண்மையான காரணம், பந்தைத் துரத்தி ஓட என்னால் முடியாது என்பது. எங்கள் கேப்டன் என்ஜின் டிரைவர் ராபர்ட். ஆங்கிலோ இந்தியர். வேகமாகப் பந்து போடுவார், அதைவிட வேகமாகத் திட்டுவார்.

அது இரண்டாவது உலக யுத்தகாலம். யாரைப் பார்த்தாலும் உளவாளியோ என்று சந்தேகம். புது சாமியார் வந்து பிளாட்பாரத்தில் படுத்தால் சந்தேகம், கேமரா வைத்திருந்தால் சந்தேகம், ஒன்றும் வைத்திருக்காவிட்டால் இன்னும் பெரிய சந்தேகம். நானே இயல்பில் சந்தேகப் பிராணி. பால்காரர் அளந்து ஊற்றிய பாலை வீட்டில் இன்னொரு தரம் அளந்து பார்ப்பேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். யுத்தம் வந்ததும் ஊரே என் குணத்துக்கு மாறிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

திண்டிவனத்தில் ஒரு ரெட்டியாருக்கு எண்ணெய் மில் இருந்தது. வல்லம், அனந்தபுரம், பெருமுக்கல் பக்கத்து விவசாயிகளெல்லாம் மல்லாட்டை மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். காரணம் அவருடைய தராசு. அதன் முள்ளை யாராவது சுண்டுவிரலால் தொட்டால்கூட வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று பெயர். அவருக்கு ரயில்வேக்காரர்கள் மேல் ஒரு தீராத கோபம். வேகன் தருகிறோம், தருகிறோம் என்று இழுத்தடித்து, மூட்டைகளை மழையில் நனையவிட்டார்களாம். வழக்குப் போட்டு ஜெயிக்க முடியாது, ஆட்டத்திலாவது ஜெயித்துக் காட்டுகிறேன் என்று மில்லில் ஒரு கிரிக்கெட் குழு தொடங்கினார். மூட்டை தூக்குகிறவர், கணக்குப்பிள்ளை, செக்குக்காரர் என்று கையில் கிடைத்தவர்களையெல்லாம் சேர்த்தார். எங்களிடம் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் ஒரு தடவை மில்லுக்கு உதிரிச் சாமான் வாங்க மதராஸ் போனவர், சாமானோடு ஒரு வெள்ளைக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

அவர்தான் ஜாக் துரை. ஆஸ்திரேலியாக்காரர். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, வெயிலில் வெந்த கழுத்து, பூச்சி அரித்த ஒரு தொப்பி. கிரிக்கெட் ஆடுவதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் என்றார்கள். அங்கேதான் முதல் சந்தேகம் ஆரம்பித்தது. ஆடுவதற்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா? கலெக்டர் துரை ஆடுகிறார், டாக்டர் துரை ஆடுகிறார். பொழுதுபோகவில்லை, ஆடுகிறார்கள். கூலிக்கு ஆடுகிற வெள்ளைக்காரன் என்று ஒரு ஜாதி இருப்பதை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. அப்படியென்றால் சம்பளம் வேறு எதற்கோ வருகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

இரண்டாவது சந்தேகம் அவருடைய தமிழ். மில் கொட்டகையில் மல்லாட்டை உடைக்கிற பெண்களிடம் கற்றுக்கொண்ட தமிழ் அது. வடக்கே யாரோ ஒரு ராஜா வீட்டில் இருந்தபோதே ஒரு தமிழ்ச் சமையல்காரர் அடித்தளம் போட்டிருந்தாராம், இவர்கள் மேலே கட்டடம் கட்டிவிட்டார்கள். "இன்னாம்மா, சாப்டுக்கினு கீறியா?" என்று அவர் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்கு எதிரே நிற்பது திண்டிவனத்துக்காரர்தான். காலையில் கேப்பைக் கூழ் குடிப்பார். ஞாயிற்றுக்கிழமை பெருமுக்கல் மலைமேல் ஏறி உட்கார்ந்துவிடுவார். அங்கிருந்து கடல் தெரியும் என்று யாரோ சொல்ல, கப்பல் எண்ணுகிறார் என்று இன்னொருவர் சொல்ல, விஷயம் சப் இன்ஸ்பெக்டர் காதுக்குப் போய்விட்டது.

விசாரணை மில் வாசலிலேயே நடந்தது. தந்திப் பேச்சு எனக்குத் தெரியும் என்பதற்காக என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். சங்கேத வார்த்தை ஏதாவது பேசினால் நான் பிடித்துவிட வேண்டுமாம்! நானும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜாக் துரை தன் கதையைச் சொன்னார். தங்கச் சுரங்கத்து ஊரில் பிறந்தவர். அப்பா மண்ணைத் தோண்டிக்கொண்டே செத்துப்போனார். மண்ணெண்ணெய்த் தகரத்தை ஸ்டம்பாக வைத்து ஆடக் கற்றுக்கொண்டார். "அப்புறம் விக்டோரியாவுக்கு ஆடினேன்" என்றார்.

சப் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "யாருக்கு?"

"விக்டோரியாவுக்கு."

"ராணி செத்தப்ப உனுக்கு இன்னா வயசு?"

துரைக்கு ஒன்றும் புரியவில்லை. விக்டோரியா என்பது அவருடைய மாகாணத்தின் பெயர் என்று, கிரிக்கெட் தெரிந்தவர் என்பதற்காக வரவழைக்கப்பட்டிருந்த ராபர்ட் எடுத்துச் சொன்ன பிறகும் சப் இன்ஸ்பெக்டரின் முகம் தெளியவில்லை. மகாராணி பெயரைத் திருடி ஒரு மாகாணத்துக்கு வைப்பார்களா என்று அவருக்கு நியாயமான சந்தேகம்.

மேலே சொன்னார். தேசத்துக்காக ஆட இங்கிலாந்து போகிற குழுவின் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. சொந்தச் செலவில் போய், அங்கே ஒரு பஞ்சாலை ஊரின் குழுவுக்குச் சம்பளத்துக்கு ஆடினார். பிறகு வடக்கே ஒரு ராஜா அவரை வரவழைத்தார். ராஜா செத்ததும் மகன், கிரிக்கெட் வேண்டாம், எனக்கு நாய்தான் பிடிக்கும் என்று அனுப்பிவிட்டான். ராஜா கொடுத்த தங்கக் கடிகாரம் எங்கே என்றால், விற்றுவிட்டேன் என்றார். கப்பலில் இடம் இல்லை, ராஜா உயிரோடு இல்லை, கடிகாரம் கையில் இல்லை. சாட்சிகளெல்லாம் இப்படி ஒட்டுமொத்தமாகக் காணாமல்போன ஒரு வாழ்க்கையை நான் கேட்டதில்லை. எனக்கும் நம்பிக்கை வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் சப் இன்ஸ்பெக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். "ஞாயித்துக்கெழமை ரயில்வேகாரங்களோட ஆடட்டும். ஆட்டத்தப் பாத்துட்டு ராபர்ட்டு சொல்லட்டும், நெஜமா ஆஸ்திரேலியாவா, இல்ல வேற எதுனாவான்னு. இல்லன்னா மதராசுக்கு வண்டி ஏத்திட வேண்டியதுதான்." மதராசுக்கு என்றால் முள்வேலி போட்ட முகாமுக்கு என்று அர்த்தம். ஜாக் துரை தலையை ஆட்டிக்கொண்டு கூழ்ச் செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ரெட்டியாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. சுற்றுவட்டாரம் முழுக்கத் தண்டோரா போட ஆளனுப்பினார். தண்டோராக்காரர் அனந்தபுரம் சந்தையிலும் வல்லத்திலும் போய், "ஆஸ்திரேலியா ஆட்டக்காரரு நம்ம ரெட்டியாரு மில் களத்துல ஆடுறாருங்கோ!" என்று அடித்துவிட்டு வந்தார். எங்கள் பக்கத்தில் ஆட்டம் என்றால் என்ன? தெருக்கூத்துதான். விடிய விடிய ஆடுவது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டி வண்டியாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். பாய், தலையணை, கட்டுச்சோறு, மடி நிறைய வறுத்த மல்லாட்டை. களத்து ஓரத்தில் பாயை விரித்து இடம் பிடித்துக்கொண்டார்கள். ஜாக் துரை காலில் இரண்டு பேடும் கட்டிக்கொண்டு இறங்கியபோது, கூத்தில் கட்டியக்காரன் வேஷம் போடுகிற ஒரு அனந்தபுரத்துக்காரர் எழுந்து நின்று பார்த்தார்.

"கால்ல கட்டு நல்லாத்தான் கீது. சலங்க எங்கடா?"

பக்கத்திலிருந்தவர், "மத்தளத்தயும் காணோம், இன்னாமோ பேஜாரு பண்றானுங்க" என்றார். அப்போதே கூட்டத்துக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது.

முதலில் நாங்கள் ஆடி முடித்தோம். சுமாரான ஓட்டம்தான். அடுத்து மில் குழு. ஜாக் துரை வந்து நின்றார். அவருக்குப் பின்னால் குனிந்து நான். குடைக்குக் கீழே நாற்காலியில் சப் இன்ஸ்பெக்டர். ராபர்ட் கண் சிவக்க ஓடிவந்து ஒரு பந்து போட்டார். மட்டையின் ஓரமாக வந்து என் கையில் விழுந்தது. வரும்போது ஒரு சின்னச் சத்தம். 'டிக்.' நான் துள்ளிக் கத்தினேன். ராபர்ட் கத்தினார். எல்லோரும் கத்தினோம். அம்பயராக நின்ற டிரில் மாஸ்டர் யோசித்தார், மீசையைத் தடவினார், இல்லை என்று தலையாட்டினார்.

ஒன்று சொல்ல வேண்டும். கத்தினேனே தவிர எனக்கே நிச்சயமில்லை. அது மல்லாட்டை காய்கிற களம். காலுக்குக் கீழே உடைத்துப் போட்ட தோடு, சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கையில் மல்லாட்டை. 'டிக்' 'டிக்' என்று எல்லாப் பக்கமும் சத்தம். தந்திச் சத்தத்தில் ஒரு புள்ளி தவறினாலும் பிடித்துவிடுகிற என் காதுக்கு, அன்று மட்டையா தோடா என்று தெரியவில்லை. ஜாக் துரை அசையாமல் நின்றார். யாரையும் பார்க்கவில்லை. மட்டையால் தரையை இரண்டு தட்டுத் தட்டி அடுத்த பந்துக்குக் குனிந்தார்.

ராபர்ட் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். நேரே சப் இன்ஸ்பெக்டரிடம் போனார். "பட்டிருந்தா இங்கிலீஷ்காரன் தானாப் போயிருப்பான் மேன். இவன் அம்பயர் சொல்ற வரைக்கும் நவுற மாட்டான். இவன் ஆஸ்திரேலியாக்காரன்தான், நான் பைபிள்மேல சத்தியம் பண்றேன்!"

"நிச்சயமாவா?"

"வேற எந்த ஊர்க்காரனுக்கும் இந்தக் கல்நெஞ்சு வராது."

சப் இன்ஸ்பெக்டர் சோடா கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, ஆட்டம் முடியும் முன்பே சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மதராஸ் வண்டி அத்தோடு ரத்து. ஜாக் துரை அதன் பிறகு அடித்த அடி இருக்கிறதே, அதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அவர் சொன்ன கதையில் ராஜா பொய்யாக இருக்கலாம், கடிகாரம் பொய்யாக இருக்கலாம், அந்த மணிக்கட்டு பொய்யில்லை என்று தோன்றியது. வெயில் தாழும் நேரத்தில் மில் குழு ஜெயித்துவிட்டது.

ரெட்டியார் மாலையோடு வந்தார். ஆனால் கூட்டம் கலையவில்லை. இருட்டினால் கூத்து தொடங்கும் என்று காத்திருந்தவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது, ஆட்டம் முடிந்துபோய்விட்டது என்று. ஏமாந்த கோபம் எதன்மேலாவது இறங்க வேண்டுமே. பெருமுக்கல் பக்கத்து விவசாயி ஒருவர் எழுந்தார்.

"மொதலாளி, கூத்துன்னு சொல்லிக் கூட்டியாந்தீங்க, கூத்தும் இல்ல. அந்தத் தொர கட்டையில பட்ட சத்தம் எங்க எல்லாத்துக்கும் கேட்டுச்சுங்க. ஆனாலும் நின்னுக்கினு ஆடுறாரு. ஒங்க களத்துல இப்டி நடந்தா, ஒங்க தராச நாங்க எப்டிங்க நம்பறது?"

ரெட்டியாரின் கையில் மாலை அப்படியே நின்றது. வல்லத்து முகங்கள், அனந்தபுரத்து முகங்கள், எல்லாம் அவருடைய மூட்டைக்காரர்கள். ரெட்டியார் திரும்பினார்.

"தொர, பட்டுதா, படலையா?"

மல்லாட்டை உடைக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. படவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்பயர் அவர் பக்கம், சத்தத்துக்கோ ஆயிரம் தோடுகள் சாட்சி, மாலையும் தயார். அடுத்த சீசன் வரைக்கும் கூழும் கொட்டகையும் நிச்சயம். அந்த வயதில் அவரை வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுக்கப்போகிறார்கள்?

"பட்டுது" என்றார் ஜாக் துரை.

"பட்டுதுன்னு தெரிஞ்சுமா நின்னீங்க?"

"வெளிய போன்னு சொல்றது அம்பயர் வேல. அவர் சொல்லல. நான் கூலிக்காரன் மொதலாளி, தானா வேலைய வுட்டுட்டுப் போவேனா?"

ரெட்டியார் மாலையைக் கணக்குப்பிள்ளையின் கையில் கொடுத்தார். பிறகு சொன்னார். "என் மில்லுல தராசு முள்ளத் தொட்டவன் யாரும் நின்னதில்ல தொர. நீங்க போய்டுங்க."

ஜாக் துரை தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். அம்பயர் விரலைத் தூக்கிவிட்டால் எப்படிப் போக வேண்டுமோ அப்படிப் போனார். மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனியாமல், விரித்த பாய்களுக்கு நடுவே வழி பார்த்து நடந்தார். மல்லாட்டை உடைக்கிற பெண்களில் ஒருத்தி மட்டும், "சாப்ட்டுட்டுப் போ தொர" என்றாள். அவர் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் விழுப்புரம் பிளாட்பாரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். கருவியை விட்டு எழுந்துபோய் டீ வாங்கிக் கொடுத்தேன். எனக்குச் சந்தேகம் அடங்கவில்லை. "படலைன்னு சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"ஆட்டத்துல யாரும் என்னக் கேக்கல. ரெட்டியார் கேட்டார்" என்றார். அவ்வளவுதான். வண்டி வந்தது, ஏறிக்கொண்டார். எந்த ஊருக்கு என்று கேட்டேன், சொன்னதைச் சத்தத்தில் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

அந்த மில் இப்போது கல்யாண மண்டபமாகிவிட்டது. களத்தில் கார் நிறுத்துகிறார்கள். ரெட்டியார் இல்லை, ராபர்ட் இல்லை, தந்திக் கருவியையும் கழற்றி எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். சத்தத்தைக் காதால் பிடிக்கிற வேலையே உலகத்தில் இல்லை, அதற்கு மிஷின் வந்துவிட்டது. ஆட்டக்காரரைப் பார்த்துப் பட்டுதா என்று யாரும் இப்போது கேட்பதில்லை.

அந்த மனிதர் சொன்ன எதையும் நாங்கள் நம்பவில்லை. பிறந்த ஊரை நம்பவில்லை, விக்டோரியாவை நம்பவில்லை, ராஜாவையும் கடிகாரத்தையும் நம்பவில்லை. பந்து பட்டதற்கு மட்டும் அவரைத் தவிர வேறு சாட்சியே கிடையாது. அதைச் சொன்னபோது, இத்தனை சந்தேகக்காரர்களில் ஒருவர்கூட ஆதாரம் கேட்கவில்லை.