நார்மன் பெயரில் டோரீன் சுட்ட பை

எங்கள் ஊர் ஆண்களைப் போலச் சமைக்கத் தெரிந்தவர்கள் யார்க்‌ஷரிலேயே கிடையாது. நம்பாதவர்கள் செப்டம்பர் மாதம் ஊர் மன்றத்தில் நடக்கும் கண்காட்சிக்கு வந்து பார்க்கலாம். பூசணிக்காய், வெங்காயம், ஜாம் பாட்டில்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் 'ஆப்பிள் பை: ஆண்களுக்கு மட்டும்' என்று ஒரு மேசை போட்டிருக்கும். பை என்றால் தோளில் மாட்டுவதல்ல, மாவுக்குள் பழத்தை வைத்து மூடி அடுப்பில் சுடுகிற பண்டம். வருடம் முழுக்க வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மகாராஜாக்கள் அன்று காலை ஆளுக்கொரு பையை ஏந்திக்கொண்டு பவ்யமாக வரிசையில் நிற்பார்கள். பின்னாலேயே அவரவர் மனைவி, "குலுக்காமப் பிடி, ஓரம் உடைஞ்சிடும்" என்று கிசுகிசுத்துக்கொண்டு வருவாள். பெண்களுக்குத் தனி மேசை. இரண்டு மேசையிலும் முதலாவதாக வந்த பைகளை நடுவர் மறுபடி ருசி பார்த்து, எது உசத்தியோ அதற்கு வெள்ளிக் கோப்பை கொடுப்பார். ஜெயித்தவர் பெயரை வருடா வருடம் அதே கோப்பையில் பொறிப்பார்கள்.

அந்தக் கோப்பை வருடக்கணக்காக மெட்காஃப் வீட்டில்தான் இருக்கிறது. டோரீன் மெட்காஃப் என் பக்கத்து வீட்டுக்காரி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் பை செய்வதைப் பார்க்க வேண்டும். முதலில் மணிக்கட்டு இரண்டையும் குழாய்த் தண்ணீரில் காட்டிச் சில்லென்று ஆக்கிக்கொள்வாள். மாவில் வெண்ணெயும் பன்றிக் கொழுப்பும் போட்டு, உள்ளங்கை படாமல் விரல் நுனியாலேயே உதிர்ப்பாள். புளிப்பு ஆப்பிளை நறுக்கிச் சர்க்கரை தூவி, தட்டின் நடுவில் வாயைத் திறந்துகொண்டிருக்கும் பீங்கான் குருவியை நிறுத்தி, அதன் அலகு மட்டும் வெளியே தெரியும்படி மேல்மாவைப் போர்த்துவாள். அடுப்புக்குள் அந்த அலகு வழியாகத்தான் ஆவி போகும். அடி மாவு மொறுமொறுவென்று இருக்கும். ஒரு துண்டு பாலாடைக்கட்டியோடு சாப்பிட்டால் அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

கோப்பையில் பொறித்திருக்கும் பெயர் என்னவோ அவள் புருஷன் நார்மனுடையது.

கல்குவாரியை மூடியபோது நார்மனுக்கு வேலை போயிற்று. மனிதர் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஆட்டு மந்தையை முறைத்தபடி உட்கார்ந்துவிட்டார். பார்க்கச் சகிக்காமல் டோரீன் அந்த வருடம் இரண்டு பை செய்து, ஒன்றை அவர் பெயரில் அனுப்பினாள். ஒரே மாவு, ஒரே அடுப்பு. பெண்கள் மேசையில் டோரீனுக்கு இரண்டாம் இடம். 'ஓரம் சற்றுச் சீராக இல்லை' என்று நடுவர் சீட்டு வைத்திருந்தார். ஆண்கள் மேசையில் நார்மனுக்கு முதல் இடம். 'ஒரு ஆண்பிள்ளை கையில் இப்படியொரு பையா!' என்று நடுவர் உருகிப்போய்க் கோப்பையையும் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் வருடா வருடம் இதே கூத்து. மூன்றாவது முறை கோப்பை வந்தபோது பையைத் தானே செய்ததாக நார்மன் நம்பவே ஆரம்பித்துவிட்டார். மதுக்கடையில் உட்கார்ந்து, "கை சில்லுனு இருக்கணும்டா, சூட்சுமமே அதுலதான் இருக்கு" என்று பிரசங்கம் வேறு. வீட்டில் மாவு டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்.

"ஏண்டி, ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்" என்று நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"விடு மேவிஸ். பாவம், அந்த மனுஷனுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்" என்பாள். ஆனால் கோப்பையைத் துடைக்கும்போது, நார்மன் பெயருக்குக் கீழே காலியாக இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே ஒருநாள் சொன்னாள்: "இந்த இடத்துல ஒரே ஒரு வாட்டி என் பேரு வந்தாப் போதும்டி. வேற எதுவும் கேக்கல."

அதற்கும் ஒரு வழி பிறந்தது. போன வருடக் கண்காட்சியில் குழாய் ரிப்பேர்காரர் ஒருவர் கொண்டுவந்த பையின் அடியில் கடையின் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கமிட்டித் தலைவர் கென்னத், ஊர்க் கசாப்புக்கடைக்காரர், கொதித்துப்போய்விட்டார். இந்த வருடம் முதல் ஆண்கள் எல்லாரும் மன்றத்துச் சமையலறையில், ஊர் பார்க்கச் செய்ய வேண்டும் என்று அறிவித்தார். அவ்வளவுதான், எங்கள் ஊர்ச் சமையல் மன்னர்களுக்கு ஒரே வாரத்தில் முதுகுவலி வந்தது, மூட்டுவலி வந்தது, தூரத்து மருமகனுக்குக் கல்யாணம் வந்தது. மிஞ்சியவர் நார்மன் ஒருவர்தான். மதுக்கடையில் அளந்த அளப்புக்கு அவரால் பின்வாங்க முடியவில்லை.

"நான் வேணா ஒரு தடவை சொல்லித் தரட்டுமா?" என்று டோரீன் கேட்டாளாம்.

"எனக்கா? கோப்பை வாங்கினது யாரு?" என்றாராம் அந்தப் புண்ணியவான்.

டோரீன் என்னிடம் வந்து இதைச் சொல்லிச் சிரித்தாள். "மேவிஸ், இந்த வருஷம் என் பேருதான்டி" என்றாள். அவள் கண்ணில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

கண்காட்சியன்று டீ ஊற்றும் வேலை எனக்கு. அந்த ஜன்னல் வழியாகச் சமையலறை முழுசாகத் தெரியும். நார்மன் மாவைப் பிசைந்த பிசைவில் அது மாவு என்பதே மறந்துபோயிற்று. சுவர் பூசலாம் போலிருந்தது. ஆப்பிளைக் குவித்தார். அளந்து வைத்திருந்த சர்க்கரைக் கிண்ணத்தைத் திரும்பியே பார்க்கவில்லை. பீங்கான் குருவியைக் குப்புறப் படுக்கப்போட்டு அதன்மேல் மாவைப் போர்த்தி, அழுத்தி மூடினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இன்னொரு பக்கம், பெண்கள் மேசையில் டோரீனுக்கு முதல் இடம். எனக்கு நிலைகொள்ளவில்லை.

கடைசியில் இரண்டே இரண்டு பைகள் கோப்பைக்கு நின்றன. நடுவர் மிஸஸ் பிக்கர்ஸ்கில் டோரீனின் பையில் ஒரு வாய் சாப்பிட்டுத் தலையாட்டினார். நார்மனின் பையில் கத்தியை இறக்கினார். 'டங்' என்று சத்தம்.

"அட, உள்ள ஒரு குருவி! என்ன ஒரு கற்பனை!" என்றார். ஒரு துண்டு வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. "துணிச்சலான புளிப்பு" என்று எப்படியோ விழுங்கிவிட்டுச் சொன்னார்.

அப்புறம் கோப்பையை எடுத்து நார்மன் கையில் கொடுத்தார்.

"டோரீனோட பை பிரமாதம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அவங்க தினமும் செய்யறவங்க, அவங்களுக்கு இதெல்லாம் சாதாரணம். ஒரு ஆம்பளை, தன்னந்தனியா, இத்தனை பேர் முன்னாடி... யோசிச்சுப் பாருங்க!"

மன்றமே கைதட்டியது.  அந்தப் பையைத் தூக்கி அந்த அம்மாளின் தொப்பிமேல் கவிழ்க்கலாமா என்று பார்த்தேன். டோரீனும் கைதட்டினாள். முகத்தில் ரத்தமே இல்லை. கைதட்டல் ஓய்ந்ததும், "கென்னத், அறுவடை விருந்துக்கு இந்த வருஷமும் நான்தான் பை செய்யணும்னு சொன்னீங்கல்ல? நமக்கு எதுக்கு அந்த வீண் வேலை? சாம்பியனே செய்யட்டும்" என்றாள். ஜனம் மறுபடியும் கைதட்டியது. நார்மன் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கோழி முழிப்பதுபோல முழித்தார்.

அறுவடை விருந்து அக்டோபர் முதல் வாரம். எத்தனையோ வருடமாக அந்த விருந்தைச் சமையலறைக்குள் நின்றே கழித்த டோரீன், அன்றைக்கு நீலக் கவுன் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து கறி சாப்பிட்டாள். எல்லாரும் சாப்பிட்டு முடித்துப் பைக்காகக் காத்திருந்தபோது நார்மன் வெளியே வந்தார். தலை, புருவம், காது எல்லாம் மாவு. எங்கள் மேசைக்கு வந்து குனிந்தார்.

"டோரீன்... சக்கரை எவ்வளவும்மா போடணும்?"

"கோப்பையில உன் பேருதான இருக்கு, நார்மன். அதுகிட்டயே கேளு."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.  நார்மன் நிமிர்ந்து, "பை வராது" என்றார்.  "எனக்குச் செய்யத் தெரியாது. இத்தனை வருஷமும் செஞ்சது இவதான். எல்லாமே டோரீன் செஞ்சது."

சொல்லிவிட்டாரே என்று எனக்கு மனசு இளகியது. டோரீனின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. அப்போது பார்த்து, கென்னத் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"அட போப்பா! இது எங்களுக்குத் தெரியாதாக்கும்? முதல் வருஷத்துலேர்ந்தே எல்லாருக்கும் தெரியும்!"

ஆமாம் ஆமாம் என்று மேசைக்கு மேசை தலைகள் ஆடின. டோரீனின் பிடி தளர்ந்தது.

"தெரியுமா?" என்றாள். "எல்லாருக்குமா? அப்ப ஏன் ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லல?"

கென்னத்துக்கு இந்தக் கேள்வியே விளங்கவில்லை. "எப்படிம்மா சொல்றது? நார்மன் மனசு கஷ்டப்படுமே!"

 டோரீன் மெதுவாக எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். ஒவ்வொரு பித்தானாகப் போட்டாள்.

"அப்படியா? அப்ப இன்னிக்குப் பைக்குப் பதிலா நார்மனோட மனசையே ஆளுக்கொரு துண்டு வெட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

நானும் அவள் பின்னாலேயே கிளம்பினேன். மற்றவர்கள் வெறும் பாலாடைக்கட்டியைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்களாம்.