டிக்கியில் வந்த நெல்

அக்காவுக்கு வளைகாப்பு நாள் குறித்தாயிற்று. எண்பதுகளின் தொடக்கம், குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. செங்கோட்டையில் அக்காவின் மாமியார் ஒரே பிடியாக நின்றார். "உங்க வண்டியில பின்னால உக்காந்தா குடலு வாய்க்கு வந்துரும். பிள்ளத்தாச்சிய அதுல அனுப்ப மாட்டேன், பாத்துக்கிடுங்க."

அவர் சொன்னதில் பொய்யில்லை. எங்கள் பழைய காரின் பின்பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த பள்ளம் வரை ஆடிக்கொண்டே போகும். ஆனால் மேலகரத்தில் எங்கள் வீட்டு வாசலில் சொந்தக் காரை நிறுத்திவிட்டு, பெற்ற மகளை வாடகைக் காரில் கூட்டிவர அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. தென்காசி ஒர்க்‌ஷாப்பிலோ சீசன் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. ஷாக் அப்சார்பர்தானே, நானே மாட்டிவிடுகிறேன் என்று மார்தட்டினேன். படித்துவிட்டுச் சும்மா இருந்தவனுக்கு மார்தட்ட வேறு என்ன இருந்தது?

கடைக்காரர் இரண்டு வகை எடுத்துப் போட்டார். சீசன் டாக்சிக்காரர்கள் வாங்குவதை நான் தொட்டேன். "எட்டு பேரு ஏறினாலும் அமுங்காது. வீட்டு வண்டிக்கு எதுக்கு தம்பி இது?" என்றார். வயிற்றுப்பிள்ளைக்காரி வரப்போகிற வண்டி. இருப்பதில் கெட்டியானதுதான் வேண்டும் என்று பெரிய இவனாட்டம் சொல்லி வாங்கி வந்தேன்.

முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்னால் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சாரலில் நனைந்தபடி அடியில் படுத்தேன். துருப்பிடித்த போல்ட்டுகள் மண்ணெண்ணெயில் ஊறித்தான் அசைந்தன. கழற்றிய பழசு காற்றில்லாத சைக்கிள் பம்பு போலப் போய்வந்தது. புதுசை உடம்பின் பாரம் முழுதும் போட்டு அழுத்தியும் அது மெல்லத்தான் இறங்கியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வளைகாப்பு அன்று சீர்த்தட்டுகளோடும் சொந்தக்காரப் பெண்களோடும் கார் பிதுங்கியது. செங்கோட்டை வரை ஒரு குலுங்கல் இல்லை.

திரும்பும்போது அக்கா காலை நீட்டி உட்காரட்டும் என்று மற்றவர்களைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டோம். பின்னால் அம்மாவும் அக்காவும் மட்டும். தெருமுனைப் பாலத்தில் ஏறியதும் வண்டி துள்ளி விழுந்தது. அம்மாவின் தலை கூரையில் இடித்தது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு "ஏலே, நிறுத்துலே" என்றாள். வாசலில் நின்று பார்த்த மாமியார் ஓடிவந்தார்.

"பாரம் இல்லாததுதான் அத்தை, பாரம் இருந்தா நல்லா போவும்" என்று உளறினேன்.

அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, வேலையாளைக் கூப்பிட்டு டிக்கியில் இரண்டு நெல் மூட்டைகளைப் போடச் சொன்னார். நானும் ஒரு கை பிடித்துத் தூக்கினேன். அம்மா ஏதோ சொல்ல வந்தாள். அக்காவின் வெளுத்த முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பின் வண்டி பதவிசாக வந்தது.

தெருவே வாசலுக்கு வந்திருந்தது. அக்கா இறங்கினாள். பின்னாலேயே நான் மூட்டைகளை இறக்கினேன். எதிர்வீட்டுக்காரர் அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார், "என்ன அண்ணாச்சி, சம்பந்தி வீட்டுலேருந்து நெல்லும் சேந்து வருதோ?"

அப்பாவின் முகம் செத்துப்போனது. பிள்ளைப்பேற்றுக்கு வரும் மகளுக்குப் பிறந்த வீடுதான் சோறு போட வேண்டும். போட வக்கில்லை என்று சம்பந்தி படியளந்து அனுப்பியது போலல்லவா ஆகிவிட்டது. வண்டி குதிக்காமல் இருக்கத்தான் என்று தெருவில் சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கு அந்தக் காருக்கு அடியிலேயே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"திருப்பி ஏத்துலே" என்றார் அப்பா. அக்காவுக்கு இலை போடும் முன்பே என்னைச் செங்கோட்டைக்கு விரட்டினார்.

மூட்டைகளைப் பார்த்ததும் மாமியாருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகமும் சுருங்கியது. "என் பேரப்பிள்ளை அலுங்கக் கூடாதுன்னுதான வச்சேன். சோத்துக்குன்னா நெனச்சுட்டாவ? நான் அப்படி நெனைக்கலன்னு உங்க அப்பாகிட்ட சொல்லிருங்க தம்பி" என்றார். தலையாட்டினேன். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். அப்பா என் பக்கம் திரும்பவில்லை.

"அந்த அம்மா நெனைக்கலன்னு எனக்கும் தெரியும். தெருவுக்குத் தெரியுமாலே?"

உள்ளே அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சோற்றைப் பிசைந்த கை இலையிலேயே நின்றுவிட்டது.