செங்கம் ரோட்டில் நிற்காத வேன்

போன சனிக்கிழமை கீழ்பென்னாத்தூரில் சொந்தக்காரர் வீட்டு கிரகப்பிரவேசம். மறுநாள் மதியம் பெங்களூரு திரும்ப வேனில் இடம் சொல்லியிருந்தேன். நடுவில் ஒரு காலைப்பொழுது கிடைத்ததும் திருவண்ணாமலைக்கு இட்லி தின்னப் போனேன். சிரிக்காதீர்கள், கோயில் ஊருக்கு அதற்காகப் போகிற ஆளும் உண்டு.

என் சின்ன வயதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பெங்களூருவில் கட்டட வேலை. பொங்கல் முடிந்து கிளம்பினால் திருவண்ணாமலையில் பஸ் மாற வேண்டும். இடம் கிடைக்க இரண்டு மணி நேரமாவது ஆகும். ஊரைக் கடந்து போகிற எங்களைப் போன்ற குடும்பங்களின் காத்திருப்பில்தான் அந்தக் கடை வரிசையே பிழைத்தது. மல்லிகா அக்காவின் இட்லிக் கடையில் மூட்டைகளைச் சும்மாவே வைத்துக்கொள்ளலாம். அந்த வேர்க்கடலைச் சட்னி இருக்கிறதே, அடடா! இன்னும் நாக்கிலேயே நிற்கிறது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து இருபது கிலோமீட்டர். காலை எட்டு மணி பஸ், முக்கால் மணி நேரம், டிக்கெட் இருபது ரூபாய். கடை இருந்தது, அக்காவும் இருந்தார். பக்கத்துக் கடைகள் பாதி மூடிக் கிடந்தன. நான்கு இட்லி நாற்பது ரூபாய், சட்னி அதே சட்னி.

“இப்போ யாரு இங்க எறங்கி பஸ் மாறுறாங்க? வேன் ஊருக்கே வந்து ஏத்திக்கினு நேரா பெங்களூர்ல விட்டுடுது. வியாபாரம் ரொம்ப கம்மி. இந்த மாசத்தோட மூடிடலாம்னு இருக்கேன்” என்றார் அக்கா.

“பவுர்ணமிக்குக் கூட்டம் வருமே?”

“ஒரு நாள் கூட்டத்த வச்சிக்கினு மாசம் பூரா வாடகை குடுக்க முடியுமாங்க?” என்றவர் சிரித்தார். “அந்த வேன்ல ஒண்ண ஓட்டுறதே என் புள்ள சேகருதான்.”

விசாரித்தால், நான் இடம் சொல்லியிருந்ததும் அதே வேன்! எனக்குக் கோபமே வந்துவிட்டது. பெற்ற தாயின் கடை முன்னால் பத்து நிமிடம் நிறுத்தினால் கடை பிழைத்துக்கொள்ளுமே. மதியம் வேனில் அவனிடம் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்பது என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு வேன் கிளம்பியது. ஒரு ஆளுக்கு அறுநூறு ரூபாய். பெரும்பாலும் கட்டட வேலைக் குடும்பங்கள். முன்சீட்டில் உட்கார்ந்து, திருவண்ணாமலை வருவதற்குள் சேகரிடம் கேட்டேவிட்டேன்.

“எங்கம்மாதான் நிறுத்தாதன்னுச்சு” என்றான்.

“அவங்களா? ஏன்?”

“அப்போல்லாம் பஸ்ஸுக்கு நிக்கிற குடும்பங்க ஒரு தட்டு இட்லி வாங்கி எல்லாப் புள்ளைங்களுக்கும் பிச்சிக் குடுப்பாங்களாம். பசிக்கலன்னு சொல்லிட்டு அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்குவாங்களாம். ‘அதப் பாத்துப் பாத்துதான் நான் வியாபாரம் பண்ணேன். இப்போ வீட்டுச் சோறு கட்டிக்கினு நிம்மதியா போறாங்க. என் கடைக்காக அவங்கள எறக்காதடா’ன்னுச்சு.”

அந்தக் கடையில் அம்மா சாப்பிட்டதாக எனக்கு ஒரு நினைவுகூட இல்லை. பின்சீட்டில் யாரோ புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். கடையைத் தாண்டி வேன் செங்கம் ரோட்டில் ஏறிவிட்டது.

போகிறவர்களுக்கு: கூட்டம் வேண்டாமென்றால் பவுர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள். காலை பத்து மணிக்குள் போனால் இட்லி சூடாகக் கிடைக்கும், அதுவும் இந்த மாதம் வரைக்கும்தான். பஸ்ஸில் போய் இறங்கி, வயிறாரச் சாப்பிடுங்கள். வேனில் போனால் பெங்களூரு ஐந்து மணி நேரம். வழியில் அந்தக் கடையில் நிறுத்தச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள்.