பொட்டு வைத்த லாப்டாப்

போன வாரம் ஒரு லாப்டாப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். திறந்தது நான் இல்லை... டார்ச் பிடித்தேன், அவ்வளவுதான். ஆனாலும் அந்த வேலையில் எனக்கும் பங்கு உண்டுதானே?

திறந்தவள் என் கொழுந்தியாள் சுகந்தி. ஹல்துமுல்லைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் டீச்சர். வேலை பார்த்துக்கொண்டே, வீட்டில் இருந்தபடி வெளிவாரியாகப் பட்டப்படிப்பும் படிக்கிறாள். எல்லாம் முடிந்து, மிச்சம் இருந்தது ஒரு வைவா மட்டும். லாப்டாப் முன்னால் உட்கார்ந்து, பரீட்சகர்கள் வீடியோவில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒருமுறை சொல்லவும் ஆரம்பித்தாள். அந்தப் பக்கத்துக் காற்று உங்களுக்குத் தெரியாததா? எங்கேயோ ஒரு மரம் லைனில் சாய்ந்தது. கரண்ட் போனது. அந்த நொடியே லாப்டாப்பும் அணைந்தது. பேட்டரி செத்து மாதக்கணக்காகிறது. வயர் சொருகியிருந்தால்தான் உயிர். பரீட்சகர்கள் பெரிய மனது வைத்து இன்னொரு சனிக்கிழமை கொடுத்தார்கள். இதுதான் கடைசி என்றும் சொல்லிவிட்டார்கள்.

பதுளை டவுனில் நான் விசாரித்த ரிப்பேர் கடையில் முதலாளி, "லாப்டாப்ப கொண்டாந்து வெச்சுட்டுப் போங்க, அடுத்த கிழமை பாத்துத் தாறேன்" என்றார். வைவாவோ இந்த வாரமே. அங்கிருந்தே சுகந்திக்குப் போன் போட்டேன்.

"பேட்டரிய மட்டும் வாங்கிட்டு வாங்க அத்தான். நானே மாத்திக்கிறேன்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. வீடியோ பாத்துக்கிட்டு இருக்கேன்."

தெரியாது என்பதை இவ்வளவு நிம்மதியாகச் சொல்ல முடியுமா? நானாக இருந்தால் ஆயிரம் சாக்குச் சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பேட்டரியோடு போய்ச் சேர்ந்தேன். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, லாப்டாப்பை அணைத்து, வயரைக் கழற்றி, கவிழ்த்து வைத்திருந்தாள். என் கையில் டார்ச்சைத் தந்தாள்.

முதல் ஸ்குரூவிலேயே சிக்கல். ஸ்குரூட்ரைவர் பிடிக்கவே இல்லை. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன். குழிக்குள் ஏதோ மஞ்சளாகக் காய்ந்து இறுகிக் கிடந்தது. "துரு" என்றேன், விஷயம் தெரிந்த ஆள் மாதிரி.

சுகந்தி சிரித்துவிட்டாள். "துரு இல்ல அத்தான். சந்தனம்."

ஆயுத பூஜை வந்தால் நம் வீடுகளில் எதற்குத்தான் பொட்டு வைப்பதில்லை? ஆட்டோவுக்கு, தையல் மெஷினுக்கு, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்திக்கு... இவள் லாப்டாப்புக்கும் வருஷா வருஷம் வைத்திருக்கிறாள். மூடியில் வைத்தால் பாடசாலையில் கேலி செய்வார்கள் என்று அடிப்பக்கத்தில், நான்கு மூலையிலும். ஸ்குரூ இருப்பதும் அதே மூலைகளில்!

"தண்ணி தொட்டுத் தொடைக்கட்டுமா?" என்றேன். முறைத்தாள். குண்டூசியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, தூள் உள்ளே போகாமல் லாப்டாப்பைச் சாய்த்துப் பிடித்து, பழைய டூத் பிரஷால் தட்டிவிட்டாள். அந்தப் பொறுமை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

யோசித்துப் பாருங்கள். பொட்டு வைக்கிறோம், கற்பூரம் காட்டுகிறோம், விழுந்து கும்பிடுகிறோம். திறந்து பார்க்கச் சொன்னால் மட்டும் பயம். நாம் வாங்கிய சாமானுக்குள் எட்டிப் பார்க்க யாருடைய உத்தரவுக்காகக் காத்திருக்கிறோம்?

கழற்றிய ஸ்குரூக்களை, இருந்த இடத்து வரிசையிலேயே துணியில் வைத்தாள். நீளமும் குட்டையுமாக இருந்தன. இடம் மாறினால் வேலை கெட்டுவிடுமாம். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிப்பார்களே, பெரட்டு... அது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "எல்லாரும் பெரட்டுக்கு நிக்கிறாங்க. கை பட்டுறாமப் பாத்துக்கங்க" என்றாள்.

பழைய பிளாஸ்டிக் அட்டையால் அடி மூடியை நெம்பினாள். உள்ளே பேட்டரி, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. குத்துப்பட்டால் தீப்பிடிக்கும் சாமான். முதலில் அதன் இணைப்பைப் பிடுங்கினாள். பிறகுதான் பேட்டரியில் கை வைத்தாள். விரல்கள் நடுங்கின.

"பயமா இருக்காம்மா?"

"இருக்கு. நீங்க லைட்ட ஆட்டாமப் பிடிங்க."

பயமே இல்லாதவர்களைப் பார்த்து நான் அதிகம் வியப்பதில்லை. கை நடுங்க நடுங்க வேலையை முடிக்கிறார்களே, அவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும். அன்றைக்கு எனக்கு சுகந்தியை நினைத்துப் பெருமையாக இருந்தது. அதை அவளிடமே சொன்னேன். "மொதல்ல ஓடுதான்னு பாப்பம்" என்றாள்.

உப்பிய பேட்டரியைத் தகர டின்னில் போட்டு வெளியே வைத்தாள். புதியதைப் பொருத்தி, மூடி, பட்டனை அழுத்தினாள். ஒன்றும் இல்லை... "புதுசுல சார்ஜ் இருக்காது" என்று அவள் நிதானமாக சார்ஜர் வயரைச் சொருகி, மறுபடி அழுத்தினாள். திரையில் வெளிச்சம் வந்தது. அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறியது. சனிக்கிழமை காலை. வெளியே மூட்டமும் காற்றும். இன்டர்நெட்டுக்குப் போனை இணைத்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அடுத்த அறையில் நகம் கடித்துக்கொண்டிருந்தேன். வைவா பாதி தாண்டியிருக்கும்... வீட்டில் அத்தனை லைட்டும் அணைந்தது.

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. உள்ளே சுகந்தியின் குரல் மட்டும் நிற்கவில்லை. லாப்டாப்பில் இருந்து பரீட்சகர் ஒருவர் கேட்டது கதவு தாண்டி என் காதில் விழுந்தது.

"ரூம் இருட்டாயிருச்சே... கரண்ட் போயிருச்சா?"

"போயிருச்சு சார். நான் இருக்கேன். கேளுங்க."

முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் நான் அவளுக்குப் பாஸ் போட்டுவிட்டேன்!