பிச்சாவரத்துக்கு அப்பால், இழுத்தால் பிடிக்கும் மண்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு விருத்தாசலத்தில் சிதம்பரம் வண்டி ஏறும்போதே கலா ஒரு பொய்யையும் கூட ஏற்றிக்கொண்டு வந்தாள். வீட்டுக்காரர் முருகனிடம் ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள்.

"தீவுக்குப் போறேன்னா வுடுவாராக்கா? சாமின்னா வாயத் தொறக்க மாட்டாரு."

பூவராகப் பெருமாள் பேரைச் சொல்லிவிட்டு ஊர் சுற்றப் போகிறாளே என்று எனக்கு அப்போதே திக்கென்றது. ஆனாலும் ஜன்னல் சீட்டை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

நாங்கள் மூவரும் ஒரே பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை செய்கிறோம். கலா மண்கூழைக் கலக்கி அச்சில் ஊற்றுவாள். அந்தக் கூழை ஸ்லிப்பு என்போம். ரோசி காய்ந்த பொம்மையின் பிசிறைச் சுரண்டி எடுப்பாள். நான் பொம்மைக்குக் கண் எழுதுவேன். செல்போனில் எதையோ பார்த்துவிட்டு ரோசிதான் "ஹைக்கிங் போவலாம்க்கா" என்று என் உயிரை வாங்கினாள்.

"நடக்கறதுதானடி? அதுக்கு எதுக்கு இங்கிலீசு பேரு?"

"ரேஷன் கடைக்குப் போனா நடை. தீவுல போனா ஹைக்கிங்" என்றாள். இவளிடம் பேசி ஜெயிக்க முடியுமா?

சிதம்பரம் ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். அங்கே இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். மூன்று பேருக்கு நூற்றிருபது ரூபாய். கொத்சுக்காகவே இன்னொரு முறை போகலாம். கிள்ளைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ரோசியின் அக்கா வீட்டுக்காரர் அந்தோணி கிள்ளைக்குப் பக்கத்தில் மீன் பிடிக்கிறவர். அவருடைய மோட்டார் படகில் ஒன்பதரைக்கெல்லாம் உப்பங்கழிக்குள் நுழைந்துவிட்டோம்.

இரண்டு பக்கமும் சுரபுன்னைக் காடு. வேர்கள் தண்ணீருக்கு மேலே வளைந்து இறங்கியிருக்கின்றன. நாரைகள் படகைச் சட்டை செய்வதில்லை. காடு முடியும் இடத்தில், கழிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல் திட்டு. குடியிருப்பவர் யாருமில்லை. சவுக்கு, அடம்பங்கொடி, நண்டு வளைகள், அவ்வளவுதான். வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும் என்றார் அந்தோணி.

"இங்க எறங்கி மணல் மேலயே நடந்து வாங்க. நான் ரெண்டு மணிக்குத் தெக்கால நிப்பேன். கழிப்பக்கம் மட்டும் எறங்காதீங்க. தண்ணி வத்திக் கெடக்குது, சேறு ஆளப் புடிக்கும். மதியத்துக்கு மேல தண்ணி ஏறும்."

"சரிங்க மாமா" என்றாள் ரோசி. நாங்களும் பெரிதாகத் தலையாட்டினோம்.

நடந்தோம். மணல் மேட்டில் இரண்டு அடி ஏறினால் ஒரு அடி சறுக்குகிறது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் இடது கைப் பக்கம் முழுக்கக் கடல்! சூளைக் கொட்டகையின் வெக்கையிலேயே கிடந்த உடம்புக்கு அந்தக் காற்று பட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் என்றால் அதுதான். கலா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினாள். புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டபோது பன்னிரண்டரை இருக்கும்.

கை கழுவத்தான் கழிப்பக்கம் போனோம். தண்ணீர் வற்றிய கரையில் சாம்பலும் நீலமுமாகச் சேறு பளபளத்தது. எங்கள் ஊர் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புது மண்ணைக் கண்டால் விரலில் தேய்த்து, துளி எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்போம். நறநறவென்றால் மணல் கலப்பு. கலா கடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா, வெண்ணெ மாதிரி இருக்குது. உள்ள இன்னும் நல்லா இருக்கும். ஒரு பிடி எடுத்துட்டுப் போயி சூளைல வச்சிப் பாப்பம்."

"அந்தோணி அண்ணன் என்ன சொன்னாரு?"

"அட போக்கா, மண்ணு நமக்குப் புதுசா?"

அதுதான் வினை. தினமும் மண்ணில் கிடப்பவளுக்கு மண்ணைக் கண்டு ஏது பயம்? நாலு எட்டு வைத்தாள். ஐந்தாவதில் முழங்கால் வரை போனாள். சிரித்தாள். காலை எடுக்கப் பார்த்தாள், தொடை வரை போனாள். சிரிப்பு நின்றுவிட்டது.

நானும் ரோசியும் என் துப்பட்டாவை வீசி இழுத்தோம். ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் "ஐயோ, இடுப்பு!" என்று கத்தினாள், கால் அசையவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை. ரோசி அந்தோணியைத் தேடித் தெற்கே ஓடினாள். நான் சேற்றின் மேல் குப்புறப் படுத்து, கலாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். படுத்தால் சேறு தாங்குகிறது. அப்போதுதான் என் கன்னத்தில் ஈரம் தட்டியது. தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது.

பைத்தியம் பிடித்தவள் மாதிரி மறுபடி இழுத்தேன்.

"வுடுக்கா, இழுக்காத" என்றாள். யோசித்துத்தான் பேசினாள். "இழுக்க இழுக்கப் புடிக்குது. கெட்டி மண்ணுல தண்ணி ஊத்திக் கலக்குனாத்தான ஸ்லிப்பாவும்? தண்ணி வரட்டும். நான் உள்ளாரக் கால ஆட்டிக்கினே இருக்கறேன்."

"தண்ணி தலைக்கு மேல ஏறிட்டா என்னாடி பண்றது?"



அவளை விடுவிக்க வேண்டிய தண்ணீரே அவளை முழுங்கவும் கூடும். எது முந்தும் என்று யாருக்குத் தெரியும்? கலா காலுக்குக் கீழே குழி பறிப்பவள் போல முழங்காலை முன்னும் பின்னும் அசைத்தாள். இடுப்பு நனைந்தது. நான் படுத்திருக்க முடியாமல் பக்கத்துச் சுரபுன்னை வேரை ஒரு கையால் கட்டிக்கொண்டு, மறுகையில் அவளைப் பிடித்திருந்தேன். தண்ணீர் அவள் வயிற்றைத் தாண்டியது.

"வராகப் பெருமாளே, ஒம்பேரச் சொல்லிப் பொய் சொல்லிட்டேன். தண்ணிக்குள்ள கெடந்த பூமாதேவியத் தூக்குன மாதிரி என்னயும் தூக்கி வுடு. நெசமாவே வரேன்." பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, எதாவது ஆயிட்டா அவருகிட்ட கோயில்னே சொல்லிடாத. நெசத்தச் சொல்லிடு" என்றாள்.

"வாய மூடுடி, அறைஞ்சிடுவேன்" என்று கத்தினேன்.

நெஞ்சு வரை தண்ணீர் வந்தபோது, "இடது காலு ஆடுதுக்கா!" என்றாள். அதே நேரம் மோட்டார் சத்தம். தண்ணீர் ஏறியதால்தான் படகு அவ்வளவு கிட்டே வர முடிந்தது. ரோசி முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். அந்தோணி நீளக் கோலைக் கலாவின் கைகளுக்கு அடியில் குறுக்கே கொடுத்தார்.

"மல்லாந்து படும்மா. மெதக்கப் பாரு. அவசரப்படாத."

கலா சாய்ந்தாள். இடது கால் வந்தது. பிறகு வலது கால், சப்பென்று ஒரு சத்தத்தோடு. ஒரு கொலுசை மட்டும் சேறு வைத்துக்கொண்டது. படகில் ஏறியதும் மூன்று பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். அந்தோணி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கரைக்கு வந்ததும் ரோசியின் அக்கா மாற்றுத்துணி கொடுத்தாள். கலா வாங்கவில்லை. வேறு துணியோடு போனால் முருகன் கேட்பாராம். காய்ந்த சேறு செதில் செதிலாக உதிர, சிதம்பரம் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். விருத்தாசலத்தில் இறங்கியதும் யாரும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மண்ணோடு வீடு திரும்பும் பெண்கள் இங்கே எல்லாத் தெருவிலும் உண்டு. ரோசியை அவள் தெருவில் விட்டுவிட்டு, கலாவைத் தனியாக விட மனமில்லாமல் கூடவே போனேன்.

முருகன் வாசலிலேயே நின்றிருந்தார். அவரும் பீங்கான் ஆள்தான், சூளையில் சரக்கு அடுக்குகிறவர்.

"கோயிலேர்ந்து வர வழியில கம்பெனில கொஞ்சம் வேல இருந்துச்சுங்க" என்று கலா அடுத்த பொய்யை ஆரம்பித்தாள்.

அவர் அவள் முழங்கையில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டினார். விரலில் தேய்த்தார். பல்லில் வைத்துக் கடித்தார்.

"உப்பு கரிக்குது. இது நம்ம மண்ணு இல்லியே கலா. எங்க போயிட்டு வர?"

நெஞ்சளவு தண்ணீரில் அழாதவள் அங்கே உடைந்துபோனாள். எல்லாவற்றையும் கொட்டினாள், தீவு, சேறு, ஏறி வந்த தண்ணீர், கோல். முருகன் கேட்கக் கேட்க அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். வசவு விழப்போகிறது என்று நான் நடுவில் போய் நின்றேன். அவர் அவளுடைய கொலுசில்லாத காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல?" என்றார். "நான் மட்டும் தீவப் பாத்திருக்கனா?"

போயிட்டு வரேன் என்று சொன்னேன். இரண்டு பேருக்கும் அது காதில் விழவில்லை.